வயர் இல்லாத மவுசும் வாய் பேசாத அண்ணன் தம்பியும்

எழுமலை ஊர்க்காரர் கருத்தக்கண்ணனுக்கு அன்றைக்கு உசிலம்பட்டியில் ஆக வேண்டிய காரியம் ஒன்றே ஒன்றுதான். மகள் கல்யாணத்துக்குப் பிளக்ஸ் போர்டு அடிக்க வேண்டும். அதில் யார் படம் இருந்தே ஆக வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். யார் படம் இருக்கவே கூடாது என்பதும் தெரியும். வம்பு என்னவென்றால், இரண்டும் ஒரே ஆள்.

அந்த ஆள் அவருடைய கூடப்பிறந்த தம்பி அருள்பாண்டி. இருவருக்கும் பதினோரு வருஷமாகப் பேச்சு கிடையாது. காரணத்தைச் சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. கிணறு பொது, மோட்டார் பொது. மும்முனைக் கரண்டு வந்த ஒரு மத்தியானம், யார் முதலில் தண்ணீர் பாய்ச்சுவது என்று வாய்த்தகராறு. தம்பி ஆத்திரத்தில் "நீயெல்லாம் ஒரு அண்ணனா?" என்று கேட்டுவிட்டான். அதற்கு என்ன பதில் சொல்லலாம் என்று அண்ணன் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். அதே கிணற்றில்தான் இன்றைக்கும் ஒரு நாள் இவர் தண்ணீர் பாய்ச்சுகிறார், மறுநாள் அவன் பாய்ச்சுகிறான். எதிரே வந்தால் இவர் கிழக்கே பார்ப்பார், அவன் மேற்கே பார்ப்பான்.

இந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் பத்திரிகை என்பது சும்மா ஒப்புக்குத்தான். தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தாலும் வாங்கி டிவிக்குப் பின்னால் செருகிவிடுவார்கள். மண்டப வாசலில் இருபதடிக்குப் பத்தடி நிற்கிறதே போர்டு, அதில் மூஞ்சி இருந்தால்தான் மெய்யான அழைப்பு. மூஞ்சி இல்லாத பங்காளி வாசலோடு திரும்பிப் போவான். போகிற வழியில் நாலு பேரிடம் சொல்லிவிட்டும் போவான்.

அருள்பாண்டி அதை ஊர் சலூனில் வைத்துச் சொன்னான். "போர்டுல எம்படம் இருந்தா வாரேன். இல்லாட்டி அன்னைக்கு எனக்குத் தேனியில சோலி கெடக்கு." ஒரு மணி நேரத்தில் அது அண்ணன் காதுக்கு வந்துவிட்டது. அண்ணனுக்குச் சவரம் செய்ய வேண்டிய தேவையே இல்லை. இருந்தாலும் போய் அதே நாற்காலியில் உட்கார்ந்து, "வந்து கேட்டா போடுறேன்" என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்தார். அதுவும் போய்ச் சேர்ந்தது. அதோடு சரி.

உள்ளதைச் சொன்னால், தம்பி வராமல் இந்தக் கல்யாணம் நடந்தால் கருத்தக்கண்ணனுக்கு ஒரு வாய் சோறு இறங்காது. அப்பன் செத்தபோது அருள்பாண்டிக்கு ஆறு வயது. தோளில் போட்டு வளர்த்தவர் இவர்தான். மகள் திவ்யா நடை பழகியது சித்தப்பன் விரலைப் பிடித்துத்தான். அவன் மண்டபத்துக்குள் நுழைய வேண்டும் என்ற ஆசை மனுஷனுக்கு நெஞ்சு முட்ட இருந்தது. வாய்தான் வரவில்லை. வாய் வந்துவிட்டால் அப்புறம் பதினோரு வருஷமாகக் காப்பாற்றி வந்த வீராப்பு என்ன ஆவது?

கல்யாணத்துக்கு இன்னும் இரண்டே நாள். மனைவி முத்துமீனாவோடு பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் சிவபாண்டியின் பிளக்ஸ் கடைக்கு வந்து இறங்கினார்.

இந்தக் கடையின் பெருமையை இங்கே சொல்லியாக வேண்டும். முன்பெல்லாம் போர்டு அடிக்க வருகிறவர்கள் குடும்பத்தோடு வந்து, டிசைன் செய்கிற முனீஸ்வரியின் முதுகுக்குப் பின்னால் வட்டமாக நிற்பார்கள். ஆளுக்கொரு விரலை நீட்டி லேப்டாப் திரையைத் தொட்டுத் தொட்டுக் காட்டுவார்கள். சாயங்காலம் பார்த்தால் திரை முழுக்கப் பஜ்ஜி எண்ணெய். அதற்குச் சிவபாண்டி ஒரு வழி கண்டுபிடித்தார். சுவரில் சினிமா கொட்டகை கணக்காக ஒரு டிவி. எதிரே சோபா. லேப்டாப்பை மூலையில் ஒரு மேஜையில் வைத்து டிவியோடு இணைத்தார். வயர் இல்லாத கீபோர்டும் மவுசும் வாங்கி டீப்பாயில் வைத்தார். லேப்டாப் ஓரத்தில் நகத்தளவுக்கு ஒரு துண்டைச் செருகியிருப்பார்கள், அவ்வளவுதான், கயிறும் இல்லை கம்பியும் இல்லை. முனீஸ்வரி சோபாவில் உட்கார்ந்து வேலை செய்வாள், வாடிக்கையாளர்கள் கையைக் கட்டிக்கொண்டு டிவியைப் பார்ப்பார்கள் என்பது அவர் கணக்கு. கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிற ஜனத்தை அவர் எந்த ஊரில் கண்டாரோ தெரியவில்லை.

முதல் நாளிலேயே மவுசு வாடிக்கையாளர் கைக்குப் போய்விட்டது. அதற்கப்புறம் திரும்பி வரவில்லை. முனீஸ்வரியும் பத்து நாள் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். இப்போதெல்லாம் அவள் மூலையில் லேப்டாப் முன்னால் இருந்துகொண்டு, டச்பேடைத் தடவி வேலையை முடித்துக்கொள்வாள். சொந்தக்காரர்களைப் பெரிசாக்குவதும் சிறிசாக்குவதும் அவரவர் பாடு என்று சோபா பக்கம் விட்டுவிடுவாள்.

கருத்தக்கண்ணன் உட்கார்ந்ததும் மவுசை எடுத்தார். கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். பிறகு ரிமோட்டைப் போல டிவியை நோக்கி நீட்டி அமுக்கினார்.

"அண்ணே, அதைக் காட்டக் கூடாது. கீழ வச்சு இழுக்கணும்" என்றாள் முனீஸ்வரி.

"வயரே இல்லையேத்தா. எப்படித் தெரியும் அதுக்கு?"

"தெரியும்ணே. நீங்க இழுங்க."

டீப்பாயில் வைத்து இழுத்தார். டிவியில் அம்பு ஓடியது. அம்பதைத் தாண்டிய மனுஷன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், சும்மா சொல்லக் கூடாது, பால்குடிப் பிள்ளை தோற்றது. படத்தின் மேல் அம்பை வைத்து, இடது பொத்தானை அமுக்கியபடியே இழுத்தால் படம் கூடவே வரும், விட்டால் அங்கேயே நிற்கும் என்று முனீஸ்வரி சொல்லிக் கொடுத்தாள். வேண்டாத படத்தை இழுத்துப் போர்டுக்கு வெளியே ஓரத்தில் போட்டுவிடலாம், அங்கே கிடப்பது அச்சில் வராது என்றும் சொன்னாள். இரண்டே நிமிஷத்தில் பிடித்துக்கொண்டார். மச்சினனை இழுத்துக் கீழ் வரிசையில் விட்டார். பெரியப்பா மகனைச் சின்னதாக்கச் சொன்னார். இத்தனை நாளாய் வாயால் செய்ய முடியாததையெல்லாம் ஒரு விரலால் செய்துகொண்டிருந்தார்.

கீபோர்டு முத்துமீனா மடிக்கு வந்தது. "அக்கா, நீங்க இதை வச்சுக்கங்க. அண்ணே எதையாச்சும் தப்பா இழுத்துட்டாருன்னா இந்தா, இந்த ரெண்டு பொத்தானையும் சேத்து அமுக்குங்க. செஞ்சது செய்யாததாப் போயிரும். பழையபடி வந்துரும்."

"எம்புட்டு தப்பு செஞ்சாலுமா?"

"எம்புட்டு செஞ்சாலும்."

முத்துமீனா அந்தப் பொத்தான்களை ஒரு தடவை தடவிப் பார்த்தாள். கட்டிக்கொண்டு வந்து இருபத்தாறு வருஷமாக அவள் தேடிக்கொண்டிருந்தது அதைத்தான்.

சொந்தக்காரர் படங்கள் மொத்தம் முப்பத்து மூன்று என்றுதான் கருத்தக்கண்ணன் எண்ணிக் கொடுத்திருந்தார். முத்துமீனா முந்தின நாளே வாட்ஸப்பில் அனுப்பிவிட்டாள். அனுப்பும்போது முப்பத்து நாலாவதாக ஒன்றையும் சேர்த்து அனுப்பியிருந்தாள். முனீஸ்வரிக்கு இந்த வீட்டு அரசியல் என்ன தெரியும்? ஒவ்வொன்றாக எடுத்துப் போர்டில் வைத்தவள், கடைசியாகக் கறுப்புக் கண்ணாடியும் கும்பிட்ட கையுமாக இருந்த ஒருவரைக் கருத்தக்கண்ணனுக்குப் பக்கத்திலேயே வைத்து, கீழே 'சித்தப்பா' என்று அடித்தாள்.



"அவனை யாரு குடுத்தது?" என்றார் கருத்தக்கண்ணன்.

"வாட்ஸப்புல வந்துச்சுண்ணே."

"எடு அவனை."

"மவுசு உங்க கையிலதானண்ணே இருக்கு. நீங்களே எடுத்து ஓரமாப் போட்டிருங்க."

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. எடு என்று சொல்வது வேறு, தானே எடுப்பது வேறு. மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். முனீஸ்வரியும் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் தம்பியின் நெஞ்சில் அம்பை வைத்து, அமுக்கி இழுத்து, போர்டுக்கு வெளியே கொண்டுபோய் விட்டார். விட்ட மறு வினாடி அவன் பழைய இடத்துக்கே வந்து கும்பிட்டுக்கொண்டு நின்றான்.

கருத்தக்கண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. மறுபடி இழுத்து விட்டார். மறுபடி வந்தான். மவுசைப் புரட்டி அடியில் எரிகிற சிவப்பு விளக்கைப் பார்த்தார். ஊதினார். உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினார். "பேட்டரி வீக்கா இருக்கும் போல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மூன்றாவது தடவை இழுத்தார். மூன்றாவது தடவையும் தம்பி திரும்பி வந்தபோதுதான் பக்கத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தார். முத்துமீனாவின் இரண்டு விரல் கீபோர்டில் இருந்தது. முகம் மட்டும் முருகன் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நீதானா?"

"நான் என்ன செஞ்சேன்? கை பட்டுருச்சு."

"மூணு தடவையுமா கை படும்?"

"சரி, நான்தான். இப்ப என்னாங்கிறீங்க?" என்று முத்துமீனா கீபோர்டோடு அவர் பக்கம் திரும்பினாள். "உங்க மகளுக்குக் கல்யாணமா, உங்க வீராப்புக்குக் கல்யாணமா? அந்தப் புள்ள நேத்து பூரா, சித்தப்பா வருவாகளாம்மா, வருவாகளாம்மான்னு கேட்டுக்கிட்டே இருக்கு. உங்களுக்கு மட்டும் ஆசை இல்லையாக்கும்? ராத்திரியெல்லாம் பொரண்டு பொரண்டு படுக்கிறது எனக்குத் தெரியாதாக்கும்?"

பொம்பளை சொன்னது அத்தனையும் நிஜம். அதனாலேயே கருத்தக்கண்ணனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதிலும் முனீஸ்வரி முன்னால் வைத்துச் சொல்லிவிட்டாளே! "ஏத்தா, அவன் படத்தை எடுத்து ஓரமாப் போடு. பேரையும் அழி. ரெடி பண்ணி வையி, நான் டீ குடிச்சிட்டு வாரேன்" என்று எழுந்தார். எழும்போது கையிலிருந்ததைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கையில் எது இருந்தாலும் எழும்போது பையில் போட்டுக்கொள்வது அவர் பழக்கம். வீட்டு டிவி ரிமோட்டு இரண்டு தடவை அப்படிக் கிணற்றடி வரைக்கும் போய் வந்திருக்கிறது.

முனீஸ்வரி பெருமூச்சு விட்டபடி, டச்பேடைத் தடவிச் சித்தப்பாவை ஓரத்தில் போட்டாள். 'சித்தப்பா'வை அழித்தாள். அழித்துவிட்டு, அச்சு மெஷினில் பிளக்ஸ் சுருளை ஏற்றப் பின்னறைக்குப் போனாள்.

டீக்கடை பிளக்ஸ் கடை வாசலை ஒட்டியே இருந்தது. கருத்தக்கண்ணன் பெஞ்சில் உட்கார்ந்து துண்டைப் பக்கத்தில் போட்டார். உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் கடையின் கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே டிவி முழுசாகத் தெரிந்தது. சோபாவில் முத்துமீனாவின் முதுகு தெரிந்தது. டிவியில் இருபதடிப் போர்டு, மகள் சிரித்தபடி மாப்பிள்ளை பக்கத்தில். கீழே எல்லாரும் இருந்தார்கள். அவருக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு ஆள் அகலத்துக்குச் சும்மா கிடந்தது. தம்பி போர்டுக்கு வெளியே, ஓரத்தில், யாரைப் பார்த்து என்றில்லாமல் கும்பிட்டுக்கொண்டிருந்தான்.

போன் அடித்தது. திவ்யா.

"அப்பா, போர்டு ரெடியா?"

"ஆகுதும்மா."

"சித்தப்பா படம் இருக்குல்லப்பா?"

கருத்தக்கண்ணன் டீயைப் பார்த்தார்.

"அப்பா? கேக்குதா?"

"டவர் இல்லம்மா" என்று சொல்லி வைத்துவிட்டார். உசிலம்பட்டி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் டவர் இல்லையாம்! போனைப் பையில் போடப் போனபோது உள்ளே ஏதோ இடித்தது. எடுத்துப் பார்த்தால் மவுசு.

திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தார். நினைத்துக்கொண்டே பெஞ்சில் கிடந்த பழைய தினசரித் தாளின் மேல் அதை வைத்தார். உள்ளே டிவியில் அம்பு அசைந்தது.

இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். முனீஸ்வரி ஆளைக் காணோம். துண்டை எடுத்து மவுசின் மேல் போட்டார். துண்டுக்கடியில் கையை விட்டார். மெதுவாக இழுத்தார். பதினைந்தடி தூரத்தில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அம்பு நகர்ந்து நகர்ந்து தம்பியிடம் போனது. பொத்தானை அமுக்கினார். அண்ணன் தம்பி சமாச்சாரம் என்று வந்தால் எதிரே நின்று ஒரு வார்த்தை பேசத் துப்பில்லாத மனுஷன், துண்டுக்கடியில் ஒளிந்துகொண்டு பதினைந்தடி தள்ளியிருந்து தம்பியைக் கூப்பிட்டார். தம்பி வந்தான். ஆடி ஆடி, போர்டின் விளிம்பைத் தாண்டி உள்ளே வந்தான்.

அப்போது முத்துமீனாவின் தலை நிமிர்ந்தது. டிவியில் கொழுந்தன் தானாக நகர்வதை அவள் பார்த்துவிட்டாள். கருத்தக்கண்ணன் இழுப்பதை நிறுத்தினார். இப்போது பார்த்து இவள் அந்தச் சனியன் பிடித்த இரண்டு பொத்தானையும் அமுக்கித் தொலைத்தால்? முத்துமீனா திரும்பிப் பார்க்கவில்லை. மடியிலிருந்த கீபோர்டை இரண்டு கையாலும் எடுத்து டீப்பாயின் அந்தக் கோடியில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"என்னண்ணே, துண்டுக்குள்ள கையை விட்டுத் துழாவிக்கிட்டு இருக்கீக? பூரான் கீரான் ஏறிருச்சா?" என்று டீ மாஸ்டர் அவர் தலைக்கு மேல் நின்று குரல் கொடுத்தார்.

"எறும்புப்பா, எறும்பு" என்று கையை வெடுக்கென்று எடுத்தார். பொத்தான் விட்டுப் போயிற்று. தம்பி விட்ட இடத்தில் நின்றான். காலியிடத்தில் பாதியும், அண்ணன் மூஞ்சியில் பாதியுமாக நின்றான். கருத்தக்கண்ணனின் வலது காது, வலது கண், பாதி மீசை அத்தனையும் தம்பியின் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் போய்விட்டன. சரிசெய்வதற்குள் முனீஸ்வரி பின்னறையிலிருந்து வந்துவிட்டாள். மவுசைப் பையில் போட்டுக்கொண்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி உள்ளே போனார்.

"என்னத்தா இது? எடுக்கச் சொன்ன படம் உள்ள நிக்குது?" என்றார். குரல் தேவைக்கு மேலேயே இருந்தது.

"நான் எடுத்துட்டுத்தானே போனேன்! அக்கா, நீங்களா?"

"நான் கீபோர்டையே தொடலம்மா. அந்தா அங்க கெடக்கு பாரு."

முனீஸ்வரி லேப்டாப்பைப் பார்த்தாள், டிவியைப் பார்த்தாள். மவுசைத் தேடினாள். கருத்தக்கண்ணன் அதைப் பையிலிருந்து எடுத்து, "கைமறதியாக் கொண்டுபோயிட்டேன்" என்று டீப்பாயில் வைத்தார். வைத்துவிட்டு அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்: "வயரு இல்லாத சாமானுல்ல. பையில கெடந்து அமுங்கி, அதுவா இழுத்துருக்கும்."

"அதுவாவா?" என்றாள் முனீஸ்வரி.

"அதுவாத்தான் இருக்கும்" என்றாள் முத்துமீனா, கணவரின் முகத்தைப் பார்க்காமல்.

"சரிண்ணே, அப்ப எடுத்துரவா?"

கருத்தக்கண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கட்டியிருக்கவில்லை. வெறும் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, "நேரமாச்சு. விடு, கெடந்துட்டுப் போகட்டும்" என்றார்.

"இருக்கட்டும்னா, கொஞ்சம் தள்ளியாச்சும் வைக்கிறேன். உங்க மூஞ்சியப் பாதி மறைச்சிருக்காருண்ணே. பொண்ணோட அப்பா நீங்க."

இங்கேதான் மனுஷன் மாட்டிக்கொண்டார். தள்ளி வை என்று சொன்னால், வைக்கச் சம்மதம் என்று ஆகிவிடும். சம்மதம் என்று ஆகிவிட்டால் நாளைக்குச் சலூனில் என்ன பேசுவார்கள்? "ஒண்ணையும் தொடாதே. தொட்டா வேற எதாச்சும் ஆகும். அப்படியே அடி" என்றார். சொந்த மகள் கல்யாணத்தில் பாதி மூஞ்சி போனாலும் சரி, வீராப்பு முழுசாக இருக்க வேண்டும். முனீஸ்வரி தலையில் அடித்துக்கொண்டு, 'சித்தப்பா' என்று மறுபடி எழுதி, அப்படியே அடித்துக் கொடுத்தாள்.

கல்யாணத்தன்று காலையிலிருந்து வாசலில் நின்று வரவேற்றுக்கொண்டிருந்த கருத்தக்கண்ணனுக்கு ஒரே கேள்விதான். "என்ன மாமா, ஒத்தக் கண்ணோட நிக்கிறீக?" "ஏப்பா, பொண்ணைப் பெத்தவனைக் காணோமே போர்டுல?" கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: "அது வயரு இல்லாத மவுசப்பா. அதுவா பண்ணிருச்சு." இருபது பேருக்கு மேல் சொல்லிவிட்டார். சொல்லச் சொல்ல அவருக்கே அது நிஜம் மாதிரி ஆகிவிட்டது.

எட்டரை மணிக்கு ஒரு வேன் வந்து நின்றது. கறுப்புக் கண்ணாடியோடு அருள்பாண்டி இறங்கினான். போர்டில் படம் இருக்கிற சேதி முந்தின ராத்திரியே சலூன் வழியாக அவனுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. பின்னால் அவன் மனைவி, மக்கள், கையில் சீர்த்தட்டு. அவன் நேராக உள்ளே வரவில்லை. போர்டுக்கு முன்னால் போய் இடுப்பில் கைவைத்து நின்றான். மேலிருந்து கீழே பார்த்தான். தன் படத்துக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டான். பன்னீர்ச் சொம்போடு நின்ற கருத்தக்கண்ணன் பழக்க தோஷத்தில் கிழக்கே பார்த்தார். வாசலில் நின்ற கூட்டம் மொத்தமும் கிட்டே நெருங்கி வந்தது.

"எந்தக் கிறுக்குப்பய இதைச் செஞ்சது?" என்றான் அருள்பாண்டி, யாரையும் பார்க்காமல், போர்டைப் பார்த்து. "பொண்ணைப் பெத்தவர் மூஞ்சி மேலயா எம்மூஞ்சியக் கொண்டாந்து ஒட்டுவாக? ஒருத்தனுக்கும் கண்ணு தெரியாதா?"

எல்லாரும் கருத்தக்கண்ணனைத் திரும்பிப் பார்த்தார்கள். பதில்தான் காலையிலிருந்து தயாராக இருக்கிறதே. அவர் வாயைத் திறந்தார். வயர் என்று தொடங்கினார். அதற்கு மேல் வரவில்லை.

"நான்தான்டா" என்றார்.

அருள்பாண்டி திரும்பினான். அண்ணனின் முகத்தைப் பார்த்தான். பிறகு கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துண்டால் அழுத்தித் துடைத்துவிட்டு, அவர் கையிலிருந்த சொம்பை வாங்கிக்கொண்டான்.

"பந்திக்கு இலை வந்துருச்சாண்ணே?" என்று கேட்டான்.